அதிகாலை நான்கு மணியும் கிறிஸ்தவனின் ஒரு நாளும்

பாளை_வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் இந்த மாதம் முழுவதும் எபேசியர் 5:16, "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தின்மேல் செய்தி நடந்து வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் செய்தி ஒரே இடத்தில்தான் முடிகிறது: அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவனே காலத்தைப் பிரயோஜனப்படுத்துகிறவன், மற்றவர்கள் வெதுவெதுப்பானவர்கள். நான் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் அழைப்புகள் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் ஓயும். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளி வாகனம் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். நேரத்தை மிச்சப்படுத்தும் உத்திகளை இங்கே நான் கேட்கவில்லை. அவை கைப்பேசியைத் திறந்தாலே கொட்டுகின்றன. ஒரு விசுவாசியின் அன்றாட நேரத்தைக் குறித்து வேதம் உண்மையில் எதைக் கேட்கிறது, நான்கு மணி என்பது அதில் எங்கே வருகிறது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பழைய_வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்கும் நான்கு மணிக்கு ஒரு வரலாறு உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நான்கு மணிக்கு எழுந்தவர். நீங்கள் குறிப்பிட்ட அதே எபேசியர் வசனத்தின்மேல் அவர் செய்த பிரசங்கம் ஏறக்குறைய முழுவதும் தூக்கத்தைப் பற்றியது. ஆனால் நம் மேடைகளில் அந்தப் பிரசங்கத்தின் பாதியைத்தான் சொல்லுகிறார்கள்.

அவர் நள்ளிரவில் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்திருக்கிறார். தேவைக்கு மேல் படுக்கையில் இருப்பதுதான் இதற்குக் காரணமோ என்று ஐயுற்று, மணியடித்து எழுப்பும் கடிகாரம் ஒன்றை வாங்கினார். முதல் நாள் ஏழு மணிக்கு எழுந்தார். அன்று இரவும் இடையில் விழிப்பு வந்தது. அடுத்த நாள் ஆறு, அதற்கடுத்த நாள் ஐந்து, விழிப்பு நிற்கவில்லை. நான்கு மணிக்கு எழுந்த அன்றுதான் இரவு முழுவதும் விழிக்காமல் தூங்கினார். அதாவது, அவர் முதலில் தம் உடலுக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று அளந்து பார்த்தார். நான்கு மணி அந்த அளவையிலிருந்து கிடைத்த விடை. அவருக்கு ஆறரை மணி நேரம் தேவைப்பட்டது. அப்படியானால் அவர் இரவு ஒன்பதரைக்குப் படுத்திருக்க வேண்டும். ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவும் பெண்களுக்கு ஏழு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவும் தூக்கம் வேண்டும் என்று அதே பிரசங்கத்தில் சொல்லுகிறார். படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தை மட்டும் கட்டளையாக்கினால், அது வெஸ்லியின் போதனை அல்ல, வேதத்தின் போதனையும் அல்ல.

இரவுப்பணி_செவிலி எழுதியது:

நான் குவைத்தில் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். மாதத்தில் பாதி நாட்கள் இரவுப் பணி. அதிகாலை நான்கு மணிக்கு நான் எழுவதில்லை; அந்த நேரத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டும் நிற்கிறேன். ஊரில் உள்ள எங்கள் சபை இணையவழியில் நடத்தும் ஐந்து மணி ஜெபம் எனக்கு இரண்டரை மணி. ஞாயிறு இங்கே வேலை நாளாகையால் எங்கள் சபை வெள்ளிக்கிழமையில் கூடுகிறது. ஆகவே "ஞாயிறு", "அதிகாலை" ஆகிய இரண்டையும் வைத்து விசுவாசத்தை அளந்தால் எனக்குக் கணக்கே இருக்காது.

எனக்கு ஆறுதலாக இருக்கும் பகுதிகள் இரண்டு. ஒன்று, "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று தொடங்கும் 134ஆம் சங்கீதம். இன்னொன்று, ஆதியாகமம் முதல் அதிகாரம். அங்கே நாள் காலையில் தொடங்குவதில்லை. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்றுதான் இருக்கிறது. மாலை வருகிறது, மனிதன் தூங்குகிறான், அவன் தூங்கும்போதும் தேவன் காரியங்களை நடத்துகிறார், பிறகே மனிதன் எழுந்து தன் பங்கைச் செய்கிறான். இந்த வரிசை மனதில் பதிந்த பிறகு, பணி முடிந்து பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கும்போது குற்ற உணர்வு இல்லை. என்னுடைய ஜெப நேரம் பணிக்குப் புறப்படும் முன், மாலை ஐந்து மணிக்கு. என் நாள் அங்கேதான் தொடங்குகிறது.

கல்வாரி_வாசல் எழுதியது:

இரவுப் பணி செய்யும் சகோதரியின் நிலை வேறு. அவருக்கு யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் இந்த இழை போகும் திசை எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது. இயேசுவைப் பற்றிய மாற்கு 1:35ஐ ஒருவரும் இதுவரை சொல்லவில்லை. "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்." இதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால் பாருங்கள்: சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடி வந்திருந்தார்கள். நீங்கள் இரவில் அமெரிக்காவோடு பேசுவதுபோல அவருக்கும் இரவில் வேலை இருந்தது. அப்படியிருந்தும் இருட்டோடே எழுந்தார். காலை நேரத்துக்கு ஒரு தன்மை உண்டு. உலகம் நம்மை இன்னும் கூப்பிடத் தொடங்கியிராத நேரம் அது ஒன்றுதான். "எனக்கு வசதியான நேரத்தில் ஜெபிப்பேன்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பிறகு எந்த நேரத்திலும் ஜெபிக்காமல் போனதைப் பார்த்தவன் நான். விதிவிலக்கை வைத்து விதியை அழிக்க வேண்டாம்.

பழைய_வாத்தியார் எழுதியது:

நீங்கள் சொல்லும் வசனம் உண்மை. ஆனால் அதே சுவிசேஷத்தில் நான்காம் அதிகாரத்தில் அவர் புயலின் நடுவே படகில் தலையணையின்மேல் தூங்குகிறார். மத்தேயு 14:23இல் சாயங்காலத்தில் தனித்து ஜெபிக்கிறார். லூக்கா 6:12இல் இராமுழுவதும் ஜெபிக்கிறார். ஆகவே இயேசுவுக்கு ஜெபம் தவறாத வழக்கமாக இருந்தது என்று சொல்லலாம்; நான்கு மணி வழக்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

எனக்கு 35ஆம் வசனத்தைவிட அதற்கு அடுத்த மூன்று வசனங்கள்தாம் நேரத்தைக் குறித்து அதிகம் போதிக்கின்றன. சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். திரும்பிப் போயிருந்தால் கப்பர்நகூமில் இன்னும் நூறு பேர் குணமாகியிருப்பார்கள், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். நல்ல வேலை ஒன்றை, தேவையான வேலை ஒன்றை, மக்கள் ஆவலோடு கேட்கும் வேலை ஒன்றை மறுக்கிறார். அந்தத் தெளிவு அந்த ஜெபத்திலிருந்து வந்தது. நாம் அதிகாலையில் எழுந்து ஜெபித்துவிட்டு, அதன் பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தால், எழுந்ததன் பயன் என்ன?

அடுக்களை_ஜன்னல் எழுதியது:

ஆண்கள் எல்லாரும் மாற்கு, லூக்கா என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னக் கேள்வி. வெஸ்லி நான்கு மணிக்கு எழுந்தபோது அவருக்குக் காலை உணவைச் சமைத்தது யார்? ஐயா தவறாக எண்ண வேண்டாம். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை, வாழ்நாளின் பெரும்பகுதி குதிரையின்மேல் ஊர் ஊராய்ப் போனவர். எங்கள் வீடுகளில் பெண்கள் பெரும்பாலும் ஐந்து மணிக்குள் எழுந்துவிடுகிறோம். அது ஜெபத்துக்காக அல்ல, மதிய உணவுப் பாத்திரங்கள் நான்கை ஆறரைக்குள் நிரப்புவதற்காக. கணவர் ஐந்தரைக்கு எழுந்து வேதாகமத்தோடு உட்காருகிறார் என்றால், அந்த அமைதி அவருக்கு அடுக்களையிலிருந்து வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் "காலத்தைப் பிரயோஜனப்படுத்துதல்" என்ற பிரசங்கம் ஒருவருடைய நேரத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறது, அதை அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தவரின் நேரத்தைப் பார்ப்பதில்லை.

வெஸ்லியைவிட அவருடைய தாய் சூசன்னாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் நன்றாயிருக்கும். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றுப் பாதியளவு பிள்ளைகளை இளமையிலேயே இழந்தவர். மிஞ்சியவர்களுள் வீட்டில் இருந்த ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேச, வாரத்தில் ஒவ்வோர் இரவிலும் தம்மால் இயன்ற நேரத்தை ஒதுக்கினார் என்று 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. திங்கள் ஒரு மகளுக்கு, செவ்வாய் இன்னொரு மகளுக்கு என்று போய், வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு இரண்டு பெண்களுக்குமாக. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோது, அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியை இன்னும் எனக்காக ஒதுக்க முடியுமா என்று தாய்க்கு எழுதினார். அவர் தாயிடம் கேட்டது ஒரு மாலையை.

பாளை_வாசகன் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் கைப்பேசியை வாங்கி இன்னொரு முறை வாசித்தாள்.

பழைய_வாத்தியார் எழுதியது:

சகோதரி கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. நம் மண்ணிலேயே ஒருவர் விட்டுச் சென்ற அன்றாட அட்டவணை ஒன்று உண்டு. அதையும் இங்கே வைக்கிறேன். 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி பர்த்தொலொமேயு சீகன்பால்கு, தாம் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்பதை ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மணிவாரியாகக் குறித்திருக்கிறார். காலை ஆறு முதல் ஏழு வரை மக்களுக்குத் தமிழில் ஞானோபதேச (கிறிஸ்தவ அடிப்படைப் போதனை) விளக்கம். ஏழு முதல் எட்டு வரை தாம் கற்ற தமிழ்ச் சொற்களைத் திரும்பப் பார்த்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை, ஆசிரியர் ஒருவர் விளக்க, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்ள, தமிழ் நூல்கள் மட்டும். பன்னிரண்டு முதல் ஒன்று வரை உணவு. அப்போது ஒருவர் வேதம் வாசிப்பார். ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு, ஏனெனில் வெயில் தாங்க முடியாது. மாலையில் மீண்டும் தமிழ் நூல்கள், பிறகு ஐந்து முதல் ஆறு வரை ஜெபக் கூட்டம், ஆறு முதல் ஏழு வரை அன்று நடந்தவற்றைப் பற்றி உடன் ஊழியரோடு பேச்சு. இரவில் விளக்கொளியில் அதிகம் வாசிக்கக் கூடாது என்பதால் தமிழ் எழுத்தர் வாசிக்க இவர் கேட்பார்.

இந்த அட்டவணையில் என்னைக் கவர்ந்தவை படிப்பு நேரங்கள் அல்ல. தரங்கம்பாடி வெயிலை மதித்து ஒரு மணி நேரம் படுக்கிறார். கண்ணை மதித்து விளக்கில் வாசிப்பதைத் தவிர்க்கிறார். நாள் முடியும்போது நடந்ததைப் பற்றி இன்னொருவரோடு பேசுவதற்கென்றே ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார். இந்தக் கடைசி வழக்கம் நம்மிடம் அறவே இல்லை. இன்னொன்று: 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார், அடுத்த மாதமே டேனியக் கோட்டைத் தளபதி அவரைச் சிறைவைத்து நான்கு மாதம் கழித்துத்தான் விட்டார். அட்டவணை சிதறியது. 1711 மார்ச் 31 அன்று மொழிபெயர்ப்பு முடிந்தது.

கரிசல்_பிள்ளை எழுதியது:

வாத்தியார் ஐயா, அந்த அட்டவணைக்காரர் முப்பத்தாறு வயதில் மரித்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பழைய_வாத்தியார் எழுதியது:

எழுதியிருக்கலாம்தான். 1719 பிப்ரவரியில் மரித்தார். அவர் இளமையிலிருந்தே நோயாளி. அவருடைய அட்டவணையைக் காப்பியடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடலை மதித்த இடங்களைக் காட்டினேன். மதிக்காத இடங்களும் இருந்திருக்கலாம்.

மூவேளை_மணி எழுதியது:

நான் கத்தோலிக்கன்; அனுமதித்தால் ஒரு வார்த்தை. "எத்தனை மணிக்கு எழுவது" என்ற கேள்வி எங்களுக்குச் சற்று அந்நியமானது. எங்கள் ஊரில் கோவில் மணி காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அடிக்கும். வயலில் இருப்பவரும் நின்று மூவேளைச் செபத்தைச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வேலையைத் தொடர்வார். ஒரு பெரிய நேரத்தை ஒரே இடத்தில் கொடுப்பதைவிட, நாளின் நடுவே வேலையைச் சிறிது நிறுத்துவதே எங்கள் வழக்கம். அதற்கு விவிலியத்திலும் அடிப்படை உண்டு. தானியேல் நாளுக்கு மூன்று முறை மண்டியிட்டார். பேதுருவும் யோவானும் பிற்பகல் செபவேளையில் கோவிலுக்குப் போனார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவியருக்கு எழுதிய ஒழுங்குமுறையில், செப நேரத்துக்கான அடையாளம் கேட்டதும் கையில் உள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார். முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதற்கு இடமில்லை. வேலை முடிந்த பிறகுதான் செபம் என்றால் வேலை ஒருநாளும் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஒழுங்குமுறையில், குளிர்காலத்தில் துறவியர் நள்ளிரவுக்குப் பின்னும் சிறிது நேரம் தூங்கி, உண்டது செரித்த பிறகு எழ வேண்டும் என்றும், கோடையில் நண்பகல் உணவுக்குப் பின் படுத்து ஓய்வெடுக்கலாம் என்றும் இருக்கிறது. கடுந்தவத்துக்குப் பேர்போனவர்களின் ஒழுங்கிலேயே இவ்வளவு இரக்கம் இருக்கிறது.

கல்வாரி_வாசல் எழுதியது:

இந்த நிறுத்தி நிறுத்தி ஜெபிக்கும் முறை நல்லதுதான். அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு இதுவே அதிகம் உதவும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணி அடிக்க ஊரில் கோவில் இருந்தது. பாளை சகோதரரின் அலுவலகத்தில் அடிப்பது கைப்பேசி மட்டுமே. அதில் வேதாகமச் செயலியின் அறிவிப்பும் வரும், அதைத் திறந்த அடுத்த நிமிடம் வேறு பத்தும் வரும். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று அந்தச் செயலி காட்டும் எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இரவு 11.58க்கு ஒரு வசனத்தைத் திறந்து மூடும் வாலிபர்களை எனக்குத் தெரியும். காகித வேதாகமத்தை மேசையில் வைத்திருப்பதே நல்லது.

பாளை_வாசகன் எழுதியது:

இன்னொரு காரியத்தையும் கேட்டுவிடுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நேரத்தை அலுவலகத்துக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்துக்கொள்வது சபைதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுப் பயிற்சி, பிற்பகலில் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் கூட்டம், மாலையில் வாலிபர் கூட்டம். புதன் இரவு வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், இடையிடையே அசனக் (சபை விருந்து) கமிட்டி. இவற்றில் ஒன்றுக்கு வர இயலாது என்றால் ஏற்படும் முகவாட்டம், அலுவலகத்தில் விடுப்பு கேட்டால்கூட ஏற்படுவதில்லை. காலத்தைப் பிரயோஜனப்படுத்தச் சொல்லும் சபை, தன் பங்குக்கு அதை எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்கிறதா?

பழைய_வாத்தியார் எழுதியது:

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை உங்கள் கமிட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். மோசே காலமே தொடங்கிச் சாயங்காலமட்டும் உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்க்கிறார். செய்வது தேவ ஊழியம். சோம்பல் இல்லை, சுயநலம் இல்லை. மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார்; நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஜனங்களும் என்பதைக் கவனிக்க வேண்டும். தாமே எல்லாவற்றையும் சுமக்கும் ஊழியர் தம்மோடு, வெயிலில் வரிசையில் நிற்பவர்களையும் களைப்படையச் செய்கிறார். ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தும் ஆலோசனை அங்கேதான் வருகிறது. நம் சபைகளில் அந்தத் தலைவர்கள் எல்லாரும் அதே ஐந்து பேராக இருக்கிறார்கள்.

கமிட்டிச்_செயலர் எழுதியது:

நான் வேறொரு சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியில்) கமிட்டிச் செயலராக இருக்கிறேன். ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூட்டங்களைக் குறைத்தால் முதலில் இழப்பவர்கள் முதியோரும் விதவைகளும்தாம். புதன் வீட்டு ஜெபக்கூட்டம் பாளை சகோதரருக்கு நேரச் செலவு. தனியே வாழும் ஒரு தாயாருக்கோ அந்த வாரத்தில் வீட்டுக்குள் நான்கு பேர் வந்து உட்காரும் ஒரே இரவு. எனவே கூட்டத்தை நீக்குவதைவிட அதன் நீளத்தைக் குறைப்பது மேல். எங்கள் இடத்தில் ஏழரைக்கு என்று அறிவித்து எட்டேகாலுக்குத் தொடங்கி, பாட்டு, சாட்சி, செய்தி, பிறகு செய்தியைவிட நீளமான முடிவு ஜெபம் என்று பத்து மணி ஆகிவிடும். அடுத்த நாள் தேர்வு உள்ள பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். நேரத்துக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடிப்பது என்று முடிவெடுத்த பிறகு, வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பாடகர் குழுவிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் ஒரே ஆள் இருக்கக் கூடாது என்ற விதியையும் கொண்டுவர முயன்றோம். ஆள் கிடைக்காமல் அது நின்றுபோயிற்று.

இரவுப்பணி_செவிலி எழுதியது:

செயலர் ஐயா, முடிவு ஜெபத்தைக் குறித்து எழுதியதற்கு நன்றி. இணையவழிக் கூட்டங்களுக்கும் இதே விதியைப் பரிந்துரையுங்கள்.

கல்வாரி_வாசல் எழுதியது:

பாளை சகோதரருக்கு ஒரு கேள்வி. சபைக் கூட்டங்களைக் குறித்துக் கேட்டீர்கள், வேதத்தைக் குறித்துக் கேட்டீர்கள். பதினொரு மணி அழைப்பை மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் எப்போதாவது கேட்டீர்களா? எல்லாரும் தேவனிடமும் சபையிடமும் நேரத்தைக் குறைக்கச் சொல்லுகிறோம். மேலாளரிடம் மட்டும் கேட்பதில்லை.

பாளை_வாசகன் எழுதியது:

நியாயமான கேள்வி, இந்த வாரம் கேட்டேன். குழுவில் உள்ளவர்கள் முறைவைத்து இரவு அழைப்பை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். எனக்கு செவ்வாயும் வியாழனும் விடுதலை. அந்த இரவுகளில் பத்து மணிக்குப் படுத்து, மறுநாள் ஐந்துக்கு எழுவதாக முடிவு செய்திருக்கிறோம். புதனும் வெள்ளியும் பிள்ளைகளின் காலை உணவும் மதிய உணவும் என் பொறுப்பு. என் மனைவிக்கு ஐந்து முதல் ஆறு வரை யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவள் ஜெபிப்பாளா தூங்குவாளா என்று நான் கேட்கப்போவதில்லை. என்னுடைய ஜெபத்துக்கு, மூவேளை_மணி ஐயா சொன்னபடி, அலுவலகத்தில் நண்பகல் உணவுக்கு முன் மாடிப்படியின் மேல்தளத்தில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அடுக்களை_ஜன்னல் எழுதியது:

நல்லது தம்பி. ஆனால் செவ்வாய் மாலையே மாவை ஆட்டி வைத்துவிடுங்கள். புதன் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மாவு எங்கே என்று அவளைக் கூப்பிட்டால் அந்த ஒரு மணி நேரம் அங்கேயே முடிந்துவிடும். மதிய உணவுக்குப் புளிச்சோறு எளிது. புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தால் வெள்ளி வரை தாங்கும்.